விதைநெல்லும் லினக்ஸும்

பி.காம் படிக்கிறவனுக்கு லினக்ஸ் எதற்கு என்று வகுப்பில் பலமுறை கேட்டிருக்கிறார்கள். "டேலி தெரிஞ்சா போதாதாடா?" என்பான் பக்கத்து பெஞ்சு நண்பன். ஒவ்வொரு தடவையும் ஏதோ சொல்லிச் சமாளித்துவிடுவேன். முழுசாகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் கஜா புயலில் ஆரம்பிக்க வேண்டும். கொஞ்சம் நீளமான கதை. நேரம் இருப்பவர்கள் உட்காருங்கள், மற்றவர்கள் அடுத்த பதிவுக்கு வாருங்கள் :-)

2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி கஜா கரையைக் கடந்தது. அம்மாவின் ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. தஞ்சாவூரிலேயே ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. நாலு நாள் கழித்துத்தான் ஊருக்குப் போக முடிந்தது. தென்னை எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. தாத்தா வீட்டு ஓடுகள் பாதிக்கு மேல் இல்லை. பரணில் இருந்த மரப்பெட்டி திறந்து கிடக்க, உள்ளே இருந்த காகிதமெல்லாம் கூழாகிவிட்டது. அதில் ஒன்று தாத்தாவின் நெல் நோட்டு.

தாத்தா அதற்குப் பல வருஷம் முன்பே போய்விட்டார். நாற்பது வருஷத்துக்கு மேல் அவர் எழுதிய நோட்டு அது. எந்த வருஷம் எந்த வயலில் என்ன ரகம், விதை யாரிடம் வாங்கியது, எத்தனை மூட்டை கண்டது, எப்போது தண்ணீர் வந்தது எல்லாம் அதில் இருந்தது. மாமா மட்டும் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். 2002-இல் தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையம் பக்கம் ஒரு டி.டி.பி. சென்டரில் கொடுத்து நோட்டு முழுவதையும் டைப் அடித்து ஒரு சி.டி.யில் வாங்கி வைத்திருந்தார். அச்சடித்த பிரதி இரண்டும் அதே மரப்பெட்டியில்தான் இருந்தன. மிஞ்சியது சி.டி. மட்டும்.

சி.டி. ஓடியது. கோப்பும் திறந்தது. ஆனால் தமிழைக் காணோம். ஆங்கில எழுத்துகளும், தலையில் கொம்பும் காலில் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளும், நடுவே பவுண்டுக் குறியுமாக நாற்பது பக்கம். அந்த சென்டர் மூடிப் பல காலம். அவர்கள் வைத்திருந்த தமிழ் மென்பொருள் விலைக்கு வாங்கியது. கணினியின் பின்னால் ஒரு பூட்டுக் கருவியைச் செருகினால்தான் வேலை செய்யும் வகை. அதை விற்ற கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். தாத்தா எழுதியது எங்கள் கையில்தான் இருந்தது, படிக்கிற உரிமை மட்டும் யாரிடமோ மாட்டிக்கொண்டிருந்தது. அம்மா திரையைப் பார்த்துவிட்டு, "இதுல எங்கடா அப்பா இருக்காரு?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஏன் இப்படி ஆனது?

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். பழைய எழுத்துருக்களில் மொத்தம் 256 இடங்கள். முதல் 128 இடங்களை ஆங்கிலம் பிடித்துக்கொண்டது. மீதியில் தமிழை அடைக்க வேண்டும், போதாவிட்டால் ஆங்கில இடத்திலேயே தமிழை உட்கார வைக்க வேண்டும். எந்த எண்ணில் எந்த எழுத்து என்பதை ஒவ்வொரு எழுத்துரு தயாரிப்பாளரும் தன் இஷ்டப்படி வைத்துக்கொண்டார். ஒருவரிடம் 200 என்றால் 'க', இன்னொருவரிடம் 'ழு'. கோப்பில் இருப்பது வெறும் எண்கள்தான். நம் பாஷையில் சொன்னால், லெட்ஜர் முழுக்க ரகசியக் குறி போட்டு எழுதிவிட்டு, எந்தக் குறி யார் கணக்கு என்ற புத்தகத்தை மட்டும் ஒருவர் வீட்டுக்கு எடுத்துப் போன மாதிரி.

இந்தச் சிக்கல் தமிழில்தான் இப்படி, ஆனால் இதன் வேர் இன்னும் பழசு. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்று ஒரு நிரலாளர் இருந்தார். அங்கே இருந்த பிரிண்டரில் அடிக்கடி காகிதம் சிக்கும். பழைய பிரிண்டராக இருந்தபோது, சிக்கினால் எல்லோருக்கும் தகவல் போகிற மாதிரி அதன் நிரலை அவரே மாற்றி வைத்திருந்தார். ஜெராக்ஸ் கம்பெனியின் புது லேசர் பிரிண்டர் வந்தபோது அதன் மூல நிரல் கூட வரவில்லை. வைத்திருந்த இன்னொரு பல்கலைக்கழக ஆசாமியிடம் கேட்டால், வெளியே தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்றார். காகிதம் சிக்குகிற சின்ன விஷயம்தான், ஆனால் அந்தக் கோபம் நின்றது. 1983 செப்டம்பரில் ஸ்டால்மன் 'குனு' திட்டத்தை அறிவித்தார். 1989-இல் ஜி.பி.எல். என்ற பொது உரிமத்தை எழுதினார். இந்த நிரலை யாரும் எடுக்கலாம், படிக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் அடுத்தவருக்குக் கொடுக்கும்போது மூல நிரலையும் இதே உரிமையையும் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். வாங்கியதைப் பூட்டி வைக்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஒரு இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக இணையத்தில் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. (எனக்கும் அதே வயதுதான். நான் இன்னும் காஸ்ட் அக்கவுண்டிங் அரியரில் இருக்கிறேன்.) அடுத்த வருஷமே லினக்ஸ் ஜி.பி.எல். உரிமத்துக்கு வந்தது. இன்று நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவது அதன் வாரிசுதான். 'ஓப்பன் சோர்ஸ்' என்ற பெயர் வந்தது 1998-இல். தமிழில் திறமூலம் என்கிறோம், கட்டற்ற மென்பொருள் என்றும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்றால் இலவசமா சுதந்திரமா என்று இன்றுவரை விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை, இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது.

சம்பளமில்லாத உத்தியோகம்

இனி தமிழுக்கு வருவோம். கணினித் தமிழின் வரலாற்றைப் படிக்கும்போது என் காமர்ஸ் மூளைக்கு ஒரு விஷயம் புரியவே இல்லை. யாருக்கு யார் பில் போட்டார்கள்?

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' என்ற எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கல் அன்று அவர் தொடங்கியதுதான் மதுரைத் திட்டம். உலகம் முழுக்க இருந்த தமிழர்கள் ராத்திரி வேலை முடிந்து வந்து சங்க இலக்கியத்தைத் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். ஆளுக்கொரு எழுத்துரு என்ற குழப்பத்தைத் தீர்க்க, பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து 'தகுதரம்' என்ற பொதுக் குறியாக்கத்தை உண்டாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் 'டேப்', 'டேம்' என்ற இரண்டு குறியாக்கங்களும் தமிழ்99 விசைப்பலகையும் முடிவாயின. ஆக, குழப்பத்தைத் தீர்க்க வந்த பொதுத் தரமே மூன்று. நம்மவர்கள் நம்மவர்கள்தான் :-)

கடைசியில் நிலைத்தது யூனிகோடு. 1991-இலேயே அதில் தமிழுக்கு இடம் ஒதுக்கிவிட்டார்கள், ஆனால் நம் வீட்டுக் கணினிகளில் அது ஓட ஆரம்பித்தது விண்டோஸ் 2000, எக்ஸ்.பி. வந்த பிறகு. எழுத்து திரையில் தெரிந்தால் போதுமா, தட்டச்சு செய்ய வேண்டாமா? அந்த இடத்தில்தான் முகுந்தின் 'தமிழா' குழுவினர் எ-கலப்பையைக் கொடுத்தார்கள். அம்மா என்று ஆங்கில எழுத்துகளில் அடித்தால் அம்மா என்றே தமிழில் வரும். பெயரைப் பாருங்கள், கலப்பை! உழவன் வீட்டுப் பெயரை ஒரு மென்பொருளுக்கு வைத்தவர்களை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

2003 செப்டம்பரில் தமிழ் விக்கிப்பீடியா பிறந்தது. யாழ்ப்பாணத்துக்காரரான மயூரநாதன் ஆரம்பத்திலிருந்து ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். 2004-இல் ரெட்ஹேட் நிறுவனம் 'லோகித்' எழுத்துருக்களை ஜி.பி.எல். உரிமத்தில் வெளியிட்டபோது அதில் தமிழும் இருந்தது. கே.டி.ஈ., குனோம், ஓப்பன் ஆபிஸ், ஃபயர்ஃபாக்ஸ் என்று ஒவ்வொன்றின் பட்டியல்களையும் ஆர்வலர்கள் உட்கார்ந்து தமிழாக்கினார்கள். 2005-இல் நூலகம் திட்டம் ஆரம்பித்து, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்து யாரும் படிக்கும்படி வைத்தது. 1981-இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 புத்தகங்கள் போயின. ஒரே இடத்தில் ஒரே பிரதி இருந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. மரப்பெட்டியைப் பார்த்த எனக்கும்தான்.

2012 ஜனவரியில் த. சீனிவாசனும் நண்பர்களும் 'கணியம்' மின்னிதழைத் தொடங்கினார்கள். லினக்ஸ் பற்றி எளிய தமிழில் படிக்க வேண்டுமென்றால் நான் இன்றும் முதலில் போவது அங்கேதான்.

அரசு பக்கமும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2007 வாக்கில், உமாசங்கர் எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, அந்த அலுவலகமே சூசே லினக்ஸுக்கு மாறியது. அதே வருஷம் சி-டாக் நிறுவனம் 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸை வெளியிட்டது. 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டின்போது யூனிகோடு தமிழக அரசின் தரமானது. 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த மடிக்கணினியை அழுத்தினால் விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று கேட்கும். நாங்கள் ஒரு நாள்கூட பாஸ் பக்கம் போனதில்லை. கேம் விண்டோஸில்தானே இருந்தது! லட்சக்கணக்கான வீடுகளுக்கு லினக்ஸ் வந்து, யாரும் கதவைத் திறக்காமல் திரும்பிப் போனது. எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித்தர எங்கள் பள்ளியில் ஆள் இல்லை. கருவியைக் கொடுத்தால் போதும் என்று நினைத்ததுதான் அந்தத் திட்டத்தின் ஓட்டை என்பது என் கருத்து.

தாத்தா திரும்பி வந்த கதை

கல்லூரி முதல் வருஷத்தில் அந்தப் பழைய மடிக்கணினியைத் தூசி தட்டி லினக்ஸ் போட்டேன். தாத்தாவின் கோப்பு ஞாபகம் வந்தது. பழைய எழுத்துருக்களை யூனிகோடாக மாற்ற ஏற்கெனவே பலர் வழி செய்திருந்தார்கள். சுரதா யாழ்வாணனின் 'பொங்குதமிழ்' பக்கத்தை அந்தக் கால வலைப்பதிவர்கள் பயன்படுத்தாமல் இருந்திருக்க மாட்டார்கள். அதில் தாத்தாவின் எழுத்துரு இல்லை. 'ஓப்பன் தமிழ்' என்ற திறமூல நிரல் தொகுப்பில் இருபதுக்கும் மேற்பட்ட பழைய குறியாக்கங்களை மாற்றும் பகுதி இருந்தது. அதிலும் சரியாக வரவில்லை. ஒன்று மட்டும் பக்கத்தில் வந்தது, பத்து எழுத்தில் ஆறு சரி, நாலு தப்பு.

பூட்டிய மென்பொருளாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இது திறமூலம் என்பதால் உள்ளே எட்டிப் பார்த்தேன். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால் உள்ளே இருந்தது வெறும் அட்டவணை. இடது பக்கம் பழைய குறி, வலது பக்கம் தமிழ் எழுத்து. பற்று வரவு மாதிரி! அட, இது நம்ம சப்ஜெக்ட் ஆச்சே என்று உட்கார்ந்தேன். மூன்று வாரம், ராத்திரி ராத்திரியாக. 'நெல்' என்ற சொல் எங்கே வரும் என்று ஊகித்து 'நெ'யைப் பிடித்தேன், 'சம்பா'வை வைத்து 'ச'வையும் 'பா'வையும் பிடித்தேன். 'குறுவை', 'தாளடி', 'மரக்கால்' என்று ஒவ்வொரு சொல்லாகக் கதவு திறந்தது. கடைசியில் மீதி இருந்தது 'ஸ்ரீ' மாதிரி இரண்டு மூன்று எழுத்துதான்.

அச்சடித்து அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா சமையலை விட்டுவிட்டு அடுப்படியிலேயே நின்று படித்தார். ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: பூங்கார் விதை, வடக்குத்தெரு வீட்டிலிருந்து மூன்று மரக்கால் வாங்கியது, அறுப்புக்குப் பின் நாலரை மரக்கால் திருப்பியது. அடுத்த வரியில், அதே பூங்கார் கீழத்தெருவுக்கு இரண்டு மரக்கால் கொடுத்தது. 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 வந்த பிறகு இந்த வரிகள் குறைந்துகொண்டே போகின்றன. பிறகு விதை என்றாலே கடை ரசீதுதான்.

ஆதிரெங்கத்தின் உரிமம்

அதைப் படித்தபோதுதான் எனக்கு மண்டையில் பல்ப் எரிந்தது. ஜி.பி.எல்.லை நான் எங்கேயோ ஏற்கெனவே பார்த்திருக்கிறேன், எங்கள் ஊரிலேயே!

திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கம் கிராமத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்தியவர் நெல் ஜெயராமன். அவருக்கு வழிகாட்டி நம்மாழ்வார், அவரும் தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்தவர்தான். காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா, கிச்சிலிச் சம்பா, பூங்கார் என்று மறைந்துகொண்டிருந்த நெல் ரகங்களை ஜெயராமன் தேடித் தேடி 150-க்கு மேல் சேர்த்தார். திருவிழாவுக்கு வரும் விவசாயிக்கு இரண்டு கிலோ விதை கொடுப்பார். காசு கிடையாது. ஒரே நிபந்தனை, அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த நாலு கிலோ இன்னும் இரண்டு பேருக்குப் போகும்.

உரிமம் என்ற வார்த்தையே இல்லாத உரிமம் இது. வித்தியாசமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஜி.பி.எல்.லில் எழுதியவருக்கே திருப்பித் தர வேண்டிய கட்டாயம் இல்லை, அடுத்து வாங்குபவருக்கு உரிமையைக் கடத்தினால் போதும். நெல் தீரும், நிரல் தீராது. ஆனால் இரண்டிலும் அடிப்படை ஒன்று. வாங்கியவன் கையில் அது செத்துப்போகக் கூடாது.

இதைவிட வேடிக்கை ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் 2012-இல் 'திறமூல விதை முன்னெடுப்பு' என்று ஒரு அமைப்பு தொடங்கினார்கள். மென்பொருள்காரர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, இந்த விதையை யாரும் பூட்டக் கூடாது என்ற உறுதிமொழியோடு 2014-இல் விஸ்கான்சினில் விதைப் பொட்டலங்களை வெளியிட்டார்கள். கணினியிலிருந்து வயலுக்கு வந்த யோசனை. ஆதிரெங்கத்தில் எட்டு வருஷத்துக்கு முன்பே அது நடந்துகொண்டிருந்தது. தாத்தாவின் நோட்டில் அதற்கும் முன்னால்.

நம் நாட்டுச் சட்டமும் இதை ஒப்புக்கொள்கிறது. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி, பதிவு செய்த ரகமாகவே இருந்தாலும் விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பிராண்டு பெயர் போடாமல் விற்கவும் செய்யலாம். மென்பொருள் வாங்குகிற நமக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. நாம் கண்ணை மூடிக்கொண்டு 'சம்மதம்' அழுத்துகிறோம்.

கஜா வந்து மூன்றே வாரத்தில், 2018 டிசம்பர் 6 அன்று நெல் ஜெயராமன் புற்றுநோயால் இறந்தார். வயது ஐம்பதுதான். விதை மட்டும் பல ஊர்களில் முளைத்துக்கொண்டிருக்கிறது. ஒரே பெட்டியில் வைக்கவில்லை அல்லவா?

கேம் பற்றியும் பேசிவிடுவோம்

என் நண்பர்கள் இதுவரை பொறுமையாகப் படித்ததே கேம் வரும் என்றுதான். வருகிறது.

விளையாட்டு எனக்குப் பகையில்லை. சொல்லப்போனால் கணினி விளையாட்டே பகிர்தலில் பிறந்தது. 1962-இல் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் எழுதிய 'ஸ்பேஸ்வார்' நிரல் அந்த வகைக் கணினி இருந்த இடத்துக்கெல்லாம் கைமாறிப் போனது, போன இடத்தில் எல்லாம் மாணவர்கள் அதில் கைவைத்து மெருகேற்றினார்கள். 1999-இல் 'குவேக்' விளையாட்டின் நிரலை ஜான் கார்மாக் ஜி.பி.எல். உரிமத்தில் வெளியிட்டார். மாமா காலத்தில் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்காக ஆடிய 'கவுண்டர் ஸ்ட்ரைக்' கூட ஒரு கம்பெனி யோசித்தது இல்லை. 'ஹாஃப் லைஃப்' விளையாட்டை மாற்றி இரண்டு இளைஞர்கள் 1999-இல் செய்தது. பப்ஜியின் வேரும் 'ஆர்மா' விளையாட்டை பிரெண்டன் கிரீன் என்பவர் மாற்றிச் செய்ததில்தான் இருக்கிறது. ரசிகர்கள் உள்ளே போய் மாற்ற வழி இருந்ததால் பிறந்தவை இவை. வளர்ந்ததும் கதவைச் சாத்திக்கொண்டன.

இப்போது விளையாட்டு நம் கணினியில் இல்லை, கம்பெனியின் சர்வரில் இருக்கிறது. 'இலவசம்' என்று கூப்பிட்டு, உள்ளே போனதும் துப்பாக்கிக்கு வண்ணம் பூச நூறு, சட்டைக்கு இருநூறு. 2020 செப்டம்பர் 2 அன்று இந்திய அரசு பப்ஜி மொபைலைத் தடை செய்தது, அக்டோபர் 30 அன்று சர்வரும் நின்றது. 2024 மார்ச் 31 அன்று யுபிசாஃப்ட் தன் 'தி க்ரூ' கார் பந்தய விளையாட்டின் சர்வரை நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களும் அதன்பின் ஆட முடியவில்லை. அதில் கிளம்பியதுதான் 'விளையாட்டுகளைக் கொல்லாதீர்கள்' என்ற இயக்கம். 2025 ஜூலையில் ஐரோப்பாவில் அதற்குப் பத்து லட்சம் கையெழுத்து தாண்டியது.

என் கதையும் உண்டு. பத்தாம் வகுப்பில் ஒரு சின்ன விளையாட்டில் (எது என்பது முக்கியமில்லை) அம்மாவுக்குத் தெரியாமல் எண்ணூறு ரூபாய் செலவழித்து ஒரு கோட்டை கட்டினேன். ஒரு நாள் சர்வரை மூடிவிட்டார்கள். கோட்டை போச்சு. காமர்ஸ் படிக்கும்போது சொத்துக்கும் செலவுக்கும் வித்தியாசம் சொல்லித்தந்தார்கள். நான் சொத்து என்று எழுதி வைத்திருந்தது எல்லாம் செலவு.

பணம் வைத்து ஆடும் ரம்மி வகையறா இதைவிட மோசம். தமிழ்நாடு அரசு அதற்காக இயற்றிய சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதே வருஷம் நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று சொல்லி விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டம் போட்டது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நான் கேட்பது சின்னக் கேள்வி. உங்களிடம் இலவசமாக வந்த ஒன்றை, நீங்கள் இன்னொருவருக்குக் கொடுக்க முடியுமா? முடியும் என்றால் அது விதை. முடியாது என்றால் அது தூண்டில் புழு.

தூர் வாருவது யார்?

கட்டற்ற மென்பொருள் எல்லாம் சொர்க்கம் என்று சொன்னால் நம்பாதீர்கள். அதற்கும் ஒரு நோய் இருக்கிறது. டெல்டாவில் அதன் பெயர் எல்லோருக்கும் தெரியும். வாய்க்காலில் தண்ணீர் எடுக்க எல்லோரும் வருவார்கள், தூர் வார ஆள் வராது.

குடிமராமத்து என்று முன்பு ஒரு வழக்கம் இருந்தது. ஊரே கூடி ஏரி, வாய்க்காலைச் சரிசெய்யும். அந்த வழக்கம் தளர்ந்தபோது ஆங்கிலேயர் 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டுப் பார்த்தார்கள். சட்டத்தால் பழைய வழக்கம் திரும்பிவிடவில்லை. நம் காலத்தில் 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

மென்பொருளிலும் இதே கதை. 'எக்ஸ்.இசட்' என்பது லினக்ஸ் கணினிகளில் கோப்புகளைச் சுருக்கும் சின்ன நிரல். பல வருஷமாக ஒரே ஒரு மனிதர், சம்பளமில்லாமல், களைத்துப்போய்ப் பராமரித்துவந்தார். உதவுகிறேன் என்று வந்த ஒரு முகமூடி ஆசாமி இரண்டு வருஷத்துக்கு மேல் நம்பிக்கை சம்பாதித்து, உள்ளே திருட்டு வாசல் வைத்தார். 2024 மார்ச்சில், உள்நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி அதிகம் ஆகிறதே என்று ஒரு பொறியாளர் சந்தேகப்பட்டதால் உலகம் தப்பியது. அவர் பார்க்க முடிந்தது நிரல் திறந்து கிடந்ததால்தான், அது உண்மை. ஆனால் அந்த ஒற்றை மனிதருக்குத் துணைக்கு நாலு பேர் முன்பே இருந்திருந்தால் அந்த முகமூடிக்கு வேலையே இருந்திருக்காது.

நாமெல்லாம் எ-கலப்பையில் எழுதிப் பழகியவர்கள், விக்கிப்பீடியாவில் அசைன்மென்ட் சுட்டவர்கள். எத்தனை பேர் ஒரு எழுத்துப் பிழையாவது திருத்தியிருக்கிறோம்? நிரல் தெரிய வேண்டும் என்பதில்லை. எனக்கே தெரியாது.

தாத்தாவின் எழுத்துருவுக்காக நான் போட்ட அட்டவணையை அதே உரிமத்தில் வெளியே வைத்தேன். ஐந்து மாதம் யாரும் சீண்டவில்லை. ஒரு நாள் மலேசியாவிலிருந்து ஒருவர் எழுதினார். அவர்கள் ஊர்ப் பள்ளி ஆண்டு மலர் அதே எழுத்துருவில் பூட்டிக் கிடந்ததாம், என் அட்டவணையில் திறந்துவிட்டதாம். கூடவே, நான் கண்டுபிடிக்க முடியாமல் விட்ட 'ஸ்ரீ'யையும் இன்னும் இரண்டு எழுத்தையும் சரிசெய்து அனுப்பியிருந்தார். அதைப் போட்டு மறுபடி ஓட்டினேன். தாத்தாவின் நோட்டில் முதல் பக்கத்தில் வெறும் கட்டமாகத் தெரிந்த ஒரு ஊர்ப் பெயர் அன்றைக்குத்தான் படிக்க முடிந்தது.

லினக்ஸ் எதற்கு என்று கேட்ட நண்பனுக்கு இதுதான் என் பதில். அவனுக்கும் உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் அப்பாவோ மாமாவோ பத்திரமாக வைத்திருக்கும் பழைய சி.டி., பென் டிரைவ் ஏதாவது இருந்தால் இந்த வாரமே எடுத்துத் திறந்து பாருங்கள். கொம்பு முளைத்த எழுத்து வந்தால் பயப்படாமல் என்னிடம் கொண்டுவாருங்கள். மாற்றித் தருகிறேன், காசு வேண்டாம். அடுத்து ஒருவருக்கு நீங்கள் மாற்றிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.